கிரப் ரெஸ்க்யூல நின்னா: ரீஇன்ஸ்டாலா, பூட் ரிப்பேரா, கையாலயே பாக்குறதா?

ஏற்காட்டுல சித்தப்பா வீட்டுல ஒரு பழைய கோர் 2 டியோ பெட்டி இருக்கு, 2 ஜிபி ராம், காபி மிளகு கணக்கெல்லாம் அதுலதான். விண்டோஸுக்குப் பதிலா ஓடுற லினக்ஸ் மிண்ட் போட்டுக் குடுத்தது நான், அதனால அது படுத்துக்கிட்டா சேலத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போறதும் நான்தான். ஒரே வருஷத்துல மூணு தடவ போன், "கண்ணு, கறுப்பா வந்து ஏதோ ரெஸ்க்யூன்னு நிக்குதுடா". பெட்டி ஆன் ஆனதும் லினக்ஸ ஏத்துற குட்டி புரோகிராம்தான் கிரப், தனக்கு வேண்டிய ஃபைல் கிடைக்கலன்னா ரெஸ்க்யூன்னு நின்னுடும். மூணு தடவையும் மூணு வழி பாத்தேன்.

முதல் தடவ ரீஇன்ஸ்டால். மூளைக்கு வேலையில்ல, நேரம்தான் போகும். ஹோம், அதாவது நம்ம ஃபைலெல்லாம் இருக்குற ஃபோல்டர், டிஸ்க்ல தனி பார்ட்டிஷன்ல இல்லன்னா முதல்ல பேக்கப், அப்புறம் பிரிண்டர், தமிழ் கீபோர்டுன்னு எல்லாத்தையும் மறுபடி போடணும், காலைல உக்காந்தவன் சாயங்காலம்தான் எந்திரிச்சேன்.

ரெண்டாவது தடவ பூட் ரிப்பேர், கிரப்ப சரி பண்ற ஒரு டூல். இன்ஸ்டால் பண்ணாமலே ஓடுற மிண்ட் லைவ் யூஎஸ்பிலயே இருக்கு, தனியா இறக்க வேணாம். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ல மிண்ட் இருக்குற புது எஸ்எஸ்டிய மட்டும் காட்டி கிரப் போடச் சொன்னேன், கொஞ்ச நேரத்துல முடிஞ்சுது, சித்தப்பா குடுத்த காபி ஆறுறதுக்குள்ள டெஸ்க்டாப் வந்துருச்சு. லினக்ஸ் பக்கமே போகாத ஆளுக்கு இதுதான் நல்லதுன்னு இப்பவும் சொல்வேன்.

ஆனா ஒரு மழைல கரண்ட் போச்சு, திரும்ப அதே கறுப்பு ஸ்கிரீன். எனக்கு இங்கதான் சலிச்சுப்போச்சு. சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகுதுங்கறதெல்லாம் அப்புறம், மறுபடி மலை ஏற வைக்குமா இல்லையா, அதான் கேள்வி. முதல் ரெண்டு வழிலயும் ஏன் வந்துச்சுன்னே தெரியாம சரியாயிடுது, அதான் சிக்கல்.

மூணாவது தடவ எதையும் தொடாம அந்த ரெஸ்க்யூ பிராம்ப்ட்லயே, என்னென்ன டிஸ்க் இருக்குன்னு காட்டுற எல்எஸ் கமாண்ட் அடிச்சேன். ரெண்டு டிஸ்க் காட்டுச்சு, ஹெச்டி0, ஹெச்டி1. ஹெச்டி0ன்னா பயாஸ் (ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற மதர்போர்டு புரோகிராம்) எந்த டிஸ்க்ல இருந்து பூட் பண்ணுச்சோ அது. மிண்ட் இருக்குற எஸ்எஸ்டி ஹெச்டி1ல நிக்குது! அப்போ பெட்டி பூட் ஆனது பழைய 80 ஜிபி டிஸ்க்ல இருந்து, அதுல எப்பவோ போட்ட கிரப் மிச்சம் கிடக்கு, அது தேடுற பார்ட்டிஷன நானே ஃபார்மட் பண்ணி போட்டோ வைக்கக் குடுத்துட்டேன். பயாஸ் உள்ள போனா தேதி 2007 ஜனவரி 1, பூட் ஆர்டர், அதாவது எந்த டிஸ்க்க முதல்ல பாக்கணும்ங்கற வரிசை, பழையபடி. அந்த செட்டிங்கையும் தேதியையும் காப்பாத்துற சிமாஸ் பேட்டரி காலி. கரண்ட் இருக்குற வரைக்கும் எஸ்எம்பிஎஸ்ல (பெட்டியோட பவர் சப்ளை) இருந்து வர ஸ்டாண்ட்பை கரண்ட்ல செட்டிங் நிக்கும், கரண்ட் போனா எல்லாம் மறந்துடும். ரீஇன்ஸ்டால், பூட் ரிப்பேர் ரெண்டு தடவையும் யூஎஸ்பில பூட் பண்ண பயாஸ் உள்ள போனப்ப ஆர்டரையும் நானே மாத்தி வச்சிருக்கேன், சரியானதுக்குக் காரணம் அதுதான், பேரு மட்டும் அதுங்களுக்கு. தேதிய வச்சாவது பிடிச்சிருக்கலாம், ஆனா ஹாட்ஸ்பாட் போட்டதும் லினக்ஸ் தானா திருத்திக்குது. ஆன் பண்ணும்போது எஃப்1 அமுக்கச் சொல்லி வருமாம், சித்தப்பா மாசக்கணக்கா அமுக்கிட்டே இருந்திருக்காரு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

நியாயமா சொல்லணும்னா, பூட் ரிப்பேர்ல எல்லா டிஸ்க்லயும் கிரப் போடச் சொல்லியிருந்தா இது வந்திருக்காது, பேட்டரி செத்ததும் தெரிஞ்சிருக்காது. கை வழியும் முழுசா வேலை செய்யல, கிரப் தன் ஃபைல தேடுற இடத்த (ப்ரீஃபிக்ஸ்) எஸ்எஸ்டிக்கு மாத்தி, மெனு காட்டுற நார்மல் மாட்யூல ஏத்தப் பாத்தேன், பழைய கிரப்புக்கும் புது மாட்யூலுக்கும் ஒத்துவராம சிம்பல் நாட் ஃபவுண்ட்னு கத்துச்சு. நோய் கண்டுபிடிக்கத்தான் ரெஸ்க்யூ பிராம்ப்ட் உதவுச்சு, வைத்தியம் பயாஸ்ல. இன்னொண்ணு, கிரப் மெனு வந்தபிறகு ஸ்கிரீன் கறுப்பானா அது வேற கதை, அங்க இந்த மூணும் வேணாம், ஈ அமுக்கி லினக்ஸ் வரி கடைசில நோமோட்செட் (nomodeset) சேத்துப் பாருங்க, அது கிராஃபிக்ஸ் சிக்கலுக்கு. பயாஸுக்குப் பதிலா யூஇஎஃப்ஐ இருக்குற புது மெஷின் நான் ரெண்டுதான் தொட்டிருக்கேன், அதுக்கு என் பேச்ச நம்ப வேணாம்.

சேலம் அஞ்சு ரோட்டுல சிஆர்2032 பேட்டரி ரெண்டு வாங்கினேன், ஒண்ணு மாட்டியாச்சு, ஒண்ணு மேசை டிராயர்ல. பழைய டிஸ்க்க கழட்டிடலாம்னு சொன்னதுக்கு, "அதுலதான்டா உன் கல்யாண போட்டோ இருக்கு"ன்னுட்டாரு.