உணவா, மாத்திரையா: எந்தச் சத்துக்கு எது?

"கால் மரத்துப்போகுது" என்று அம்மா முதலில் சொன்னபோது, வயசானால் அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் ஒரு கால் செருப்பு வழியிலேயே கழன்று கிடக்க, அது தெரியாமல் வாசல் வரைக்கும் நடந்து வந்து நின்றார். அதற்கப்புறம்தான் ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். வைட்டமின் பி12 மிகவும் குறைந்திருந்தது. அம்மா அசைவம் தொடமாட்டார், பாலும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. மற்றபடி காய், கீரை, பருப்பு, பழம் என்று தட்டில் எதுவும் குறையாது. "ஒழுங்காச் சாப்பிட்டா மாத்திரை எதுக்கு?" என்று எங்களுக்கு எடுத்துச் சொல்பவரே அவர்தான்.

அதே சமயம் என் தம்பியின் மேசையில் மூன்று டப்பா இருந்தன. ஒன்று பல வைட்டமின் கலவை, ஒன்று வைட்டமின் சி, இன்னொன்று முடி வளர்வதற்கு. எதையும் டாக்டர் எழுதித் தரவில்லை. "என்ன சாப்பிட்டால் என்ன, மாத்திரை பார்த்துக்கொள்ளும்" என்பது அவன் கணக்கு.

தேவைப்பட்டவர் போடவில்லை, தேவைப்படாதவன் மூன்று வகை போட்டான். உணவா மாத்திரையா என்று பொதுவாகக் கேட்டால் இப்படித்தான் ஆகும். இந்தச் சத்து, இந்த ஆள், இந்த அளவு என்று இறங்கிப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். அப்படித்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

போட்டியே இல்லாத இடம்

மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, தண்ணீர் ஆகியவற்றில் மாத்திரைக்கு வேலையே இல்லை. 60 கிலோ எடையுள்ள ஆளுக்கு கிலோவுக்கு 0.8 கிராம் வீதம் நாளைக்கு 48 கிராம் புரதம் வேண்டும். நார்ச்சத்து 25 முதல் 30 கிராம் வரை. ஒரு மாத்திரையின் மொத்த எடையே ஒரு கிராம் அளவுதான் இருக்கும். ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ தருவது 4 கிலோ கலோரி, கொழுப்பு 9. உடம்பை ஓட்டவும் தசையைக் கட்டவும் இவைதான் வேண்டும், அது தட்டில் இருந்துதான் வந்தாக வேண்டும். புரதப் பொடியும் ஒருவகை உணவுதான். சாப்பிட முடியாத நோயாளிக்கும், சாப்பாட்டில் புரதம் எட்டாதவருக்கும் அது உதவும். முட்டை, பருப்பு, மீன் என்று ஒழுங்காகச் சாப்பிடுபவருக்கு அதனால் தனி லாபம் கிடையாது.

வைட்டமின்களின் கணக்கு வேறு. மொத்தம் 13. அவற்றின் தேவை மில்லிகிராமில், சிலவற்றுக்கு மைக்ரோகிராமில். பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு வேண்டிய பி12 வெறும் 2.4 மைக்ரோகிராம். இவ்வளவு சிறிய அளவு என்பதால்தான் இவற்றை மாத்திரைக்குள் அடக்க முடிகிறது. நிஜமான போட்டி இங்கேதான் தொடங்குகிறது.

வைட்டமின் சி: குறையைத் தீர்ப்பதில் சமம், அதற்கு மேல் வீண்

1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயால் ஈறு வீங்கி நொந்துபோயிருந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொன்றைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் வேகமாகத் தேறினார்கள். அந்தப் பழத்துக்குள் இருந்த வைட்டமின் சி என்ற பொருளை ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி என்ற விஞ்ஞானி தனியே பிரித்தெடுக்க அதற்குப் பிறகு 180 ஆண்டுகள் ஆயின. அந்த ஒரு பொருள் போதும், ஸ்கர்வி குணமாகிவிடும். இந்த இடத்தில் பழமும் மாத்திரையும் சமம் என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நாளைக்கு வேண்டியது 75 முதல் 90 மில்லிகிராம். தம்பியின் மாத்திரையில் இருந்தது 1000. உணவில் வரும் அளவில் குடல் 70 முதல் 90 சதவீதம் வரை உறிஞ்சிக்கொள்ளும். 1000-ஐத் தாண்டினால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். உள்ளே போனதிலும் மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். கலவை மாத்திரை போட்ட அன்று சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போவதைப் பார்த்து அவன் பயந்தான். அது வைட்டமின் பி2, மிஞ்சியது வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

கால்சியம்: உணவு என்றாலே நல்லது என்றும் சொல்லிவிட முடியாது

இதில்தான் எனக்கே பல எண்ணங்கள் மாறின. ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ 300 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. உடம்பு அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், அதாவது 100 மில்லிகிராம் கையில் நிற்கும். பசலைக்கீரையிலும் கால்சியம் தாராளம். ஆனால் அதிலுள்ள ஆக்ஸலேட் என்ற உப்பு கால்சியத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், சேர்வது 5 சதவீதம் போலத்தான். வேகவைத்த அரைக் கிண்ணம் கீரையில் 120 மில்லிகிராம் என்று அட்டவணை சொன்னாலும், உடம்புக்குக் கிடைப்பது 6. ப்ரோக்கோலியில் ஆக்ஸலேட் குறைவு, அதன் கால்சியம் பாலைவிட நன்றாகவே சேரும். ஆக, அட்டவணையில் உள்ள எண்ணிக்கையை மட்டும் பார்த்து உணவைத் தேர்ந்தெடுத்தாலும் ஏமாறலாம்.

மாத்திரையில் அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் ஒரே நேரத்தில் 500 மில்லிகிராமுக்கு மேல் போட்டால் உறிஞ்சும் விகிதம் குறையும், அதனால் பிரித்துப் போட வேண்டும். கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு, சிட்ரேட் என்றால் எப்போது வேண்டுமானாலும். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. மாதவிடாய் நின்ற 36,282 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2006-ல் வெளியானது. நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியமும் 400 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) வைட்டமின் டி-யும் எடுத்துக்கொண்ட குழுவில் சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியிருந்தது. உணவில் கால்சியம் அதிகம் சாப்பிடுபவர்களைப் பார்த்த ஆய்வுகளிலோ இதற்கு நேர்மாறு, அவர்களுக்குக் கல் குறைவு. சாப்பாட்டோடு சேர்ந்து வரும் கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்து வெளியே அனுப்பிவிடுகிறது, அதனால் அது சிறுநீருக்குப் போவதில்லை என்று இதை விளக்குகிறார்கள். பொருள் ஒன்றுதான், வரும் நேரமும் கூட வரும் துணையும் மாறினால் விளைவு மாறிவிடுகிறது. எலும்புத் தேய்மானத்துக்கு டாக்டர் எழுதித் தந்தால் கட்டாயம் போடுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று நாமாக வாங்கிப் போட வேண்டிய பொருள் இல்லை இது.

பீட்டா கரோட்டின்: மாத்திரை தோற்ற கதை

காரட் போன்ற மஞ்சள், ஆரஞ்சு நிறக் காய்கறிகளை அதிகம் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அப்படியானால் அந்த நிறத்தைத் தரும் பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே? யாருக்கும் தோன்றும் யோசனைதான். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துச் சோதித்தார்கள். 1994-ல் முடிவு வந்தது: நாளைக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை பார்த்தவர்களுமாக 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ-யையும் சேர்த்துச் சோதித்த இன்னொரு ஆய்வில் 28 சதவீதம் அதிகம். 1996-ல் அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

உதவி செய்யப் போய் உயிருக்கே உலை வைத்த கதை இது. காரட்டில் பீட்டா கரோட்டின் மட்டுமா இருக்கிறது? நார்ச்சத்து, பொட்டாசியம், வேறு எத்தனையோ நிறமிகள், எல்லாவற்றையும்விட நாம் ஒரு வேளைக்குச் சாப்பிட்டுவிடக்கூடிய இயல்பான அளவு. அதிலிருந்து ஒன்றை மட்டும் உருவியெடுத்துப் பல மடங்காக்கினால் அதே பலன் வரும் என்று நினைத்தது தப்பு. வைட்டமின் ஈ-யிலும் இதே மாதிரி நடந்தது. 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வில், நாளைக்கு 400 ஐ.யு. எடுத்தவர்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது. இதயநோயையும் புற்றுநோயையும் தடுப்பதற்காக இந்த இரண்டையும் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2022-ல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. உணவில் வரும் பீட்டா கரோட்டினை உடம்பு தேவைக்கேற்பத்தான் வைட்டமின் ஏ-யாக மாற்றும். அளவு மீறினால் உள்ளங்கை மஞ்சளாகும், அத்தோடு சரி. ரெட்டினால் என்ற பெயரில் மாத்திரையில் வரும் வைட்டமின் ஏ நேராகக் கல்லீரலில் போய்ச் சேரும். நாளைக்கு 3000 மைக்ரோகிராம்தான் அதன் உச்ச வரம்பு. கர்ப்பிணிகள் அதைத் தாண்டினால் கருவின் உறுப்புகளே பாதிக்கப்படலாம்.

மாத்திரை ஜெயிக்கும் இடங்கள்

இவ்வளவும் படித்துவிட்டு எல்லா மாத்திரையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சில இடங்களில் உணவு தோற்கிறது.

முதலாவது ஃபோலிக் அமிலம், அதாவது ஃபோலேட் என்ற பி வகை வைட்டமினின் மாத்திரை வடிவம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடும். பல பெண்களுக்கு அப்போது கர்ப்பம் என்பதே தெரிந்திருக்காது. அதனால்தான் கருத்தரிக்கும் முன்பே நாளைக்கு 400 மைக்ரோகிராம் தொடங்கச் சொல்கிறார்கள். நரம்புக்குழாய் சரியாக மூடாத குறையோடு ஏற்கெனவே குழந்தை பெற்றவர்களுக்கு அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1991-ல் வெளியானது. மறுபடி அதே குறை வருவது 72 சதவீதம் குறைந்திருந்தது. கீரையில் ஃபோலேட் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் சமைக்கும் தண்ணீரில் கரைந்து போகும், மாத்திரையில் உள்ளதைவிடக் குறைவாகத்தான் சேரும்.

இரண்டாவது பி12. செடி கொடிகளில் இருந்து நம்பிச் சாப்பிடும் அளவுக்கு அது கிடைக்காது. இறைச்சி, மீன், முட்டை, பால் இவற்றில்தான் இருக்கிறது. கல்லீரல் சில ஆண்டுகளுக்கான இருப்பை வைத்திருக்கும், அதனால் குறை மெதுவாக, சத்தமில்லாமல் வரும். அசைவம் சாப்பிட்டாலும் வயதானவர்கள் தப்பிவிட்டதாக நினைக்கக் கூடாது. உணவில் பி12 புரதத்தோடு ஒட்டியிருக்கும், பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும், வயதாக ஆக அந்த அமிலம் பலருக்குக் குறையும். மாத்திரையில் அது ஏற்கெனவே பிரிந்தே இருக்கிறது. இங்கே ஒரு எச்சரிக்கை: பி12 குறை இருப்பவர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிகமாகப் போட்டால் ரத்தசோகை சரியாகிவிட்ட மாதிரி தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

வைட்டமின் டி-யும் கிட்டத்தட்ட இந்த வரிசைதான். கொழுப்புள்ள மீன், முட்டையின் மஞ்சள் கரு என்று உணவில் அது இருக்கும் இடங்கள் கொஞ்சம். வெயில் படாதவர்களுக்கும் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளுக்கும் வெளியிலிருந்து கொடுப்பது நியாயம். ஆனால் குறை இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் 25,871 பேரிடம் நாளைக்கு 2000 ஐ.யு. கொடுத்துப் பார்த்த ஆய்வில், புற்றுநோய் வருவதோ மாரடைப்பு போன்றவையோ குறையவில்லை. பள்ளம் இருந்தால் நிரப்பும். சமதளத்தில் கொட்டினால் மேடுதான்.

இரும்பு நடுவில் நிற்கிறது. இறைச்சியில் உள்ள இரும்பு 15 முதல் 35 சதவீதம் வரை சேரும். பருப்பிலும் கீரையிலும் உள்ளது அதைவிடக் குறைவு. கூடவே எலுமிச்சையோ ஆரஞ்சோ இருந்தால் ஏறும், சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் இறங்கும். சின்னப் பழக்கம்தான், ஆனால் வருடக்கணக்கில் பார்த்தால் பெரிய வித்தியாசம். ரத்தசோகை வந்துவிட்டால் உணவு மட்டும் பத்தாது, மாத்திரை வேண்டும். ஒரு மாத்திரை போட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை விட்டு, அடுத்து வரும் இரும்புக்குக் கதவைச் சாத்துகிறது. 2017-ல் இரும்புக் குறை உள்ள பெண்களிடம் நடந்த ஆய்வில் தினமும் போட்டபோது சேர்ந்தது 16 சதவீதம், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டபோது 22. உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். இரும்பு மாத்திரையைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். நிறைய விழுங்கிவிட்டால் அது அவர்களுக்கு விஷம்.

தம்பியின் மூன்றாவது டப்பாவைச் சொல்லவில்லையே. முடிக்கான அந்த மாத்திரையில் பயோட்டின் என்ற பி வகை வைட்டமின் 10 மில்லிகிராம். நாளைக்குப் போதுமானதாகச் சொல்லப்படும் அளவு 30 மைக்ரோகிராம், அதாவது 300 மடங்குக்கும் மேல். படபடப்பு என்று போய் தைராய்டு பரிசோதனை செய்தபோது முடிவு தாறுமாறாக வந்தது. நல்லவேளை, என்னென்ன மாத்திரை போடுகிறாய் என்று டாக்டர் கேட்டார். அதிக பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் சில பரிசோதனைகள் பொய் சொல்லும். தைராய்டு மட்டுமல்ல, மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையும் அப்படித்தான். சில நாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தபோது தைராய்டு சரியாகவே இருந்தது. இப்போது அவன் மேசையில் டப்பா எதுவும் இல்லை.

அம்மா காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் பி12 மாத்திரை ஒன்று போடுகிறார். சாப்பாடு அதே பழைய சாப்பாடுதான், அதில் மாற்ற வேண்டியது ஒன்றும் இல்லை. ஏழெட்டு மாதத்தில் மரத்துப்போவது நன்றாகக் குறைந்தது. இடது கால் பெருவிரல் மட்டும் இன்னும் திரும்பவில்லை. தாமதமாக வந்தீர்கள், அந்த இடம் முழுதாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். செருப்பு கழன்றால் இப்போது அம்மாவுக்குத் தெரிகிறது.