ஷூ கம்பெனியா, மென்பொருள் நிறுவனமா? புராடக்ட் மார்க்கெட்டிங்கில் கால் பதிக்க இரு வழிகள்

வேலூரில் எம்.பி.ஏ. முடித்துவிட்டுப் புராடக்ட் மார்க்கெட்டிங்கில் (ஒரு பொருள் யாருக்கானது, எதற்கு மாற்று, என்ன விலை என்று தீர்மானித்து அதைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வேலை) முன்னேற விரும்பும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்து ஷூ ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக (வாங்குபவருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் நின்று ஆர்டரைக் கவனிப்பவராக) சேர்வதா, சென்னைக்குப் போய் மென்பொருள் நிறுவனத்தில் சேர்வதா? இரண்டிலும் வேலை பார்த்தவன் என்பதால், பட்டதையே சொல்கிறேன்.

பொருளை அறிவதில் ஷூ கம்பெனிக்கு ஈடு கிடையாது. ராணிப்பேட்டையில் என் முதல் ஆண்டில், வெளிநாட்டு பையர் (எங்களிடம் மொத்தமாக வாங்கித் தன் பெயரில் விற்பவர்) திருப்பி அனுப்பிய சாம்பிள் ஒன்று என் மேசைக்கு வந்தது. அதில் கட்டியிருந்த அட்டையில் இரண்டே வரிகள்: தையலை ஓரத்திலிருந்து 2 மில்லிமீட்டர் உள்ளே தள்ளவும், லைனிங் இன்னும் மெல்லியதாக இருக்கட்டும். அந்த இரண்டு வரிகளுக்காக பேட்டர்ன் மாஸ்டரிடமும் கட்டிங் பிரிவிலும் காஸ்டிங் (செலவுக் கணக்கு) பார்ப்பவரிடமும் மூன்று நாள் அலைந்ததில், ஒரு ஜோடியின் விலையில் தோலுக்கு எவ்வளவு, சோலுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்பது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஆனால் அந்த ஷூவை வாங்கப்போகிறவர் யார், அவர் அடுத்த பிராண்டை விட்டு இதை ஏன் எடுக்க வேண்டும் என்ற கேள்வி எங்கள் கட்டடத்துக்குள் வரவே இல்லை. பெட்டியின் மேல் இருந்தது பையரின் பெயர். அந்தக் கேள்வியும் அவருடையதாகவே இருந்தது.

அந்தக் கேள்வியைக் கையில் கொடுத்தது சென்னை. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோவும், 2010-இல் தொடங்கி 2021-இல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸும் வளர்ந்த நகரம் அது. சொந்தப் பெயரில் மென்பொருள் விற்பவர்களுக்கு அங்கே புராடக்ட் மார்க்கெட்டிங் அன்றாடத் தேவை. சந்தா கட்டி வாங்குகிறவர் அடுத்த மாதமே விலகிவிடலாம் என்பதால், யாருக்கான பொருள், எதற்கு மாற்று, என்ன விலை என்பதைத் திரும்பத் திரும்பத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

குழுவை நடத்துவதில்தான் வேறுபாடு பெரிது. ஷூ கம்பெனியில் கப்பலேற்றும் தேதி ஒன்றே எல்லோரையும் ஓட வைக்கும். மேனேஜர் சொன்னால் கட்டிங் பிரிவு நகரும். மென்பொருள் நிறுவனத்தில் புராடக்ட் மார்க்கெட்டிங் தலைவருக்கு டெவலப்பர்கள் மீதும் சேல்ஸ் ஆட்கள் மீதும் எந்த அதிகாரமும் இல்லை. இதை உணராமல், நான்கு பேர் கொண்ட என் குழு ஆறு வாரம் உழைத்துத் தயாரித்த லான்ச் (புதுப் பொருள் அறிமுக) விளக்கத்தை நேரே சேல்ஸ் குழுவிடம் கொடுத்தேன். அவர்களில் ஒருவர்கூட அதை டெமோவில் பயன்படுத்தவில்லை. வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை என்பதே காரணம். அதன்பின், புதிதாகச் சேர்பவர் யாராக இருந்தாலும் முதல் இரண்டு வாரம் விற்பனை அழைப்புகளின் பதிவுகளைக் கேட்க வேண்டும் என்றும், எந்த வரைவையும் முதலில் சேல்ஸ் ஆட்கள் இருவர் படிக்க வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தேன். வேலைவாரியாகப் பிரித்திருந்த குழுவை, ஒரு பொருளுக்கு ஒருவர் பொறுப்பு என்று மாற்றினேன். 1931-இல் அமெரிக்க நுகர்பொருள் நிறுவனமான புராக்டர் அண்ட் கேம்பிளில் விளம்பரப் பிரிவைச் சேர்ந்த நீல் மெக்எல்ராய் எழுதிய குறிப்பிலும் ஒரு பிராண்டுக்கு முழுப் பொறுப்பாளர்கள் வேண்டும் என்பதே சாரம்; சிறிய குழுவுக்கு அது இன்றும் பொருந்துவதைக் கண்ணால் கண்டேன்.

வீட்டை விட்டுப் போவது வருத்தம்தான். ஏலகிரி எக்ஸ்பிரஸில் காட்பாடியிலிருந்து தினமும் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் வேலையில் அந்த அலைச்சலை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் இரண்டு ஆண்டுகள் ஷூ கம்பெனியில் இருந்து காஸ்டிங் கற்றுக்கொண்டு, பிறகு சென்னைக்குச் செல்வதே என் தேர்வு. ஊரிலேயே இருக்க வேண்டிய நிலை என்றால், சொந்தப் பெயரில் உள்நாட்டில் விற்கும் நிறுவனத்தைத் தேடுங்கள். நேர்முகத்தில், வாங்காமல் திரும்பிய வாடிக்கையாளரிடம் இங்கே யார் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். பதிலாக ஒருவரைச் சுட்டிக்காட்டினால், அவருக்குக் கீழே வேலை கேளுங்கள்.