கார்ட்னர் அருங்காட்சியகம்: மேல்மாடியிலிருந்து தொடங்குங்கள்

பாஸ்டனில் ஒரே ஒரு கலைக்கூடத்துக்குத்தான் நேரம் என்றால், இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நகர ரயிலின் பச்சைத் தடத்தில் (Green Line) ஓடும் 'இ' ரயிலில் வந்து, நுண்கலை அருங்காட்சியக நிறுத்தத்தில் இறங்கினால் கொஞ்ச தூர நடைதான்.

வெனிஸ் மாளிகை போல நடுவில் முற்றம் வைத்து, தன் கலைச் சேகரிப்புக்காகவே இசபெல்லா அம்மையார் கட்டிய வீடு இது. 1903-இல் திறந்தது. நான்காவது மாடியில் அவரே குடியிருந்தார். தான் வைத்தது வைத்தபடியே இருக்க வேண்டும் என்று உயில் எழுதிவிட்டுப் போனார். அதனால் சுவரில் விளக்க அட்டைகள் கிடையாது. ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவுக்கு முதலில் எரிச்சல்தான்: "யார் வரைஞ்சதுன்னுகூட எழுத மாட்டாங்களா?" விவரம் வேண்டுமென்றால் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அறை அறையாக இருக்கிறது.

நேரே மூன்றாவது மாடிக்குப் போய்விடுங்கள். கால் ஓய்வதற்குள் இத்தாலிய ஓவியர் டிஷியனின் 'யூரோப்பா'வைப் பார்த்துவிட வேண்டும். ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்புக்காக வரைந்த ஓவியம். 1896-இல் இசபெல்லா வாங்கினார். அதன் கீழே தன் உடையிலிருந்து எடுத்த பட்டுத் துணியைத் தொங்கவிட்டிருக்கிறார். அம்மா ஓவியத்தைவிட அந்தப் பட்டைத்தான் முதலில் கவனித்தார். துணியிலிருந்து மெல்லக் கண்ணை உயர்த்தி, ஓவியத்தின் முன் வெகுநேரம் நின்றார். அட்டை இருந்திருந்தால் அதைப் படித்துவிட்டு நகர்ந்திருப்போம்.

இரண்டாவது மாடியில் டச்சு அறை. 1990 மார்ச் 18 அதிகாலை, போலீஸ் வேடத்தில் வந்த இருவர் இந்த வீட்டிலிருந்து 13 பொருள்களைத் திருடிப் போனார்கள். டச்சு ஓவியர்களான வெர்மீரின் 'இசைக் கச்சேரி', ரெம்பிராண்ட் வரைந்த ஒரே கடற்காட்சி இரண்டும் அதில் போயின. இன்றுவரை எதுவும் கிடைக்கவில்லை. ஓவியம் இல்லாத வெறும் சட்டங்கள் அப்படியே தொங்குகின்றன. எனக்கு அங்கே அதிகநேரம் நிற்க முடியவில்லை.

கீழ்த்தளத்தில் அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட்டின் 'எல் ஹாலியோ' என்ற நடன ஓவியத்தைத் தவறவிடாதீர்கள். கீழிருந்து விழும் வெளிச்சத்தில் நடனக்காரி நிஜமாகவே அசைவது போலத் தோன்றும்.

குறை என்றால் வெளிச்சம்தான். பழைய துணிகளும் காகிதங்களும் கெடாமலிருக்க அறைகளை மங்கலாகவே வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், காலையிலேயே போய்விடுங்கள். வயதானவர்களோடு போனால் இது முக்கியம்.

செவ்வாய்க்கிழமை விடுமுறை. நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். 17 வயது வரை இலவசம், பிறந்தநாளன்று யாருக்கும் இலவசம். ஏப்ரல் தொடக்கத்தில் போக முடிந்தால் இன்னும் நல்லது: முற்றத்து மாடங்களிலிருந்து நாஸ்டர்ஷியம் கொடிகள் ஆரஞ்சுப் பூக்களோடு தொங்கும். அது சில வாரங்கள்தான், அப்போது டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும்.