டொபேகோவின் கஸ்டாரா கடற்கரை: மதுரையிலிருந்து குடும்பத்தோடு போகலாமா?

கடலுக்கும் கரைக்கும் ஐந்துக்கு நாலரை மார்க் தாராளமாகப் போடலாம். மதுரையிலிருந்து அங்கே போய்ச் சேரும் வழிக்கு இரண்டுக்கு மேல் போட மனசு வராது. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி விடிவதற்குள் ராமேஸ்வரம் போய்ப் பழகியவர்களுக்கு இது வேறு கணக்கு.

கரீபியன் கடல் பக்கம் இருக்கிற டிரினிடாட் அண்ட் டொபேகோ ஒரே நாடு, இரண்டு தீவு. பெரியது டிரினிடாட், சின்னது டொபேகோ. கஸ்டாரா என்பது டொபேகோவின் வடகரையில், விமான நிலையத்திலிருந்து வளைந்து வளைந்து காரில் ஒரு மணி நேரம் போல தள்ளியிருக்கும் மீனவக் கிராமம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குடா, பின்னால் காடு மூடிய மலை. பல மாடி ஹோட்டல் கிடையாது. ராமநாதபுரம் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இங்கே ஒரு ஆச்சரியம் உண்டு. அதே மாதிரி வலையைப் படகில் கொண்டுபோய் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனையையும் கரையில் நின்று ஆட்கள் இழுக்கிறார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் கை கொடுக்கலாம். கரையோரத்திலேயே மண் அடுப்பில் ரொட்டி சுட்டு விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அரியமான் கடற்கரையில் நிற்கிற வேன்களையும் ஸ்பீக்கர் சத்தத்தையும் நினைத்துக்கொண்டு போனால், இங்கே முதல் நாள் காது கொஞ்சம் தேடும்.

குறை என்றால் முதலில் படிக்கட்டு. கஸ்டாராவில் தங்குமிடங்கள் பெரும்பாலும் சமையலறையோடு கூடிய சின்ன வீடுகள். பல வீடுகள் மலைச்சரிவில் இருக்கின்றன. போட்டோவில் பால்கனியும் கடலும்தான் தெரியும், ஏறிப்போக வேண்டிய படி தெரியாது. முழங்கால் வலி இருக்கிற பாட்டியைக் கூட்டிப் போகிறவர்கள் புக் பண்ணுவதற்கு முன்னால் மூன்று கேள்வி எழுத்தில் கேட்க வேண்டும். கார் நிற்கிற இடத்திலிருந்து அறைவரை எத்தனை படி? கைப்பிடி உண்டா? அறையிலிருந்து கரைக்கு எத்தனை படி? "கொஞ்சம்தான்" என்று பதில் வந்தால் எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். கரை மட்டத்திலேயே இருக்கிற வீடுகளும் உண்டு. ஆனால் முதலில் நிரம்புவதும் அவைதான்.

ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் முதல் மூன்று நாளை விமான நிலையம் இருக்கிற கிரவுன் பாயின்டில் கழித்துவிட்டு அப்புறம் கஸ்டாரா போவது நல்லது. அங்கே பிஜன் பாயின்ட் என்று கட்டணம் வாங்கி உள்ளே விடுகிற கடற்கரைப் பூங்கா இருக்கிறது. பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் தண்ணீர் ஆழம் குறைவு, அமைதி. குளிக்கவும் உடை மாற்றவும் இடம் உண்டு, உயிர்காக்கும் ஆட்களும் உண்டு. அழகு கொஞ்சம் அலங்கரித்த அழகுதான், கூட்டமும் வரும். பிள்ளைக்கு அது போதும். அங்கிருந்தும் பக்கத்து ஸ்டோர் பேயிலிருந்தும் கண்ணாடி அடிப் படகுகள் புக்கூ பவளத்திட்டுக்கும் நைலான் பூல் என்கிற மணல்திட்டுக்கும் போகின்றன. நடுக்கடலில் பெரியவர்களுக்கு இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கலாம் என்பதுதான் நைலான் பூலின் விசேஷம். படகு ஏறும் முன் பிள்ளையின் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று போட்டுப் பார்க்க வேண்டும். பெரியவர்களுடையதைப் பிள்ளைக்குக் கட்டிவிட்டால் தண்ணீரில் அது கழுத்துக்கு மேலே ஏறிவிடும். பவளத்தின் மேல் கால் வைக்கச் சொன்னாலும் வைக்கக் கூடாது. காலும் கிழியும், பவளமும் செத்துப்போகும். கஸ்டாராவுக்கு வடக்கே இருக்கிற இங்கிலீஷ்மன்ஸ் பே இன்னும் ஆளில்லாத இடம். நீச்சல் தெரிந்தவர்களுக்கு மட்டும்.

எப்போது போவது என்பதில் நமக்கு அதிர்ஷ்டம். டொபேகோவில் ஜனவரியிலிருந்து மே வரை மழை குறைவு, ஜூனிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம். நம் ஊர் முழுப்பரீட்சை லீவு அந்த நல்ல மாதங்களுக்குள்ளேயே விழுகிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு மறுநாள் கிளம்பினாலும் காலம் தப்பாது. மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தோணி ஆமை என்கிற பெரிய ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும் காலம். வழிகாட்டியோடுதான் பார்க்க வேண்டும், ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது. ஈஸ்டர் வாரத்தை மட்டும் தவிருங்கள். டிரினிடாட்காரர்களே குடும்பம் குடும்பமாக டொபேகோவுக்கு வந்துவிடுவார்கள். தீவுகளுக்கு இடையிலான விமானத்தில் சீட் கிடைக்காது. புயல் பாதையின் தெற்கு ஓரத்தில் இருப்பதால் மற்ற தீவுகளை விட ஆபத்து குறைவு. ஆனால் 1963 செப்டம்பரில் ஃப்ளோரா புயல் இந்தத் தீவைப் புரட்டிப் போட்டது. "இங்கே புயலே வராது" என்று சொல்கிற ஏஜெண்டை நம்ப வேண்டாம்.

இனி வழி. இந்திய பாஸ்போர்ட்டுக்கு டிரினிடாட் அண்ட் டொபேகோவில் 90 நாள் வரை விசா தேவையில்லை. திரும்பி வரும் டிக்கெட், தங்கும் விலாசம், கையில் செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் கேட்பார்கள். இதை மட்டும் விளம்பரத்தில் பெரிதாகப் போட்டு "விசா இல்லாத கரீபியன்" என்று விற்கிறார்கள். சிக்கல் தீவில் இல்லை, நடுவழியில் இருக்கிறது. சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு நேர் விமானம் உண்டு. டொபேகோ போகிற விமானமோ லண்டனின் இன்னொரு விமான நிலையமான கேட்விக்கிலிருந்து கிளம்பும். இரண்டுக்கும் நடுவே தரைவழி அறுபது கிலோமீட்டருக்கு மேல். விமான நிலையத்தை விட்டு வெளியே வராதவர்களுக்கான டிரான்சிட் விசாவை வைத்துக்கொண்டு ஹீத்ரோவில் இறங்கினால் குடியேற்றத்தைத் தாண்ட முடியாது. வெளியே வர அனுமதிக்கிற விசாதான் வேண்டும், நாலு பேர் என்றால் நாலு விசா, குழந்தைக்கும் சேர்த்து. தவிர, கேட்விக் விமானம் தினமும் கிடையாது, நடுவில் இன்னொரு தீவில் இறங்கி ஏறும். அதனால் போகும்போது லண்டனில் ஒரு இரவு தங்கும்படி திட்டமிடுவதுதான் புத்திசாலித்தனம்.

அமெரிக்கா வழி போனால், விமானம் மாறுவதற்கே விசா வேண்டும். ஆனால் மகனோ மகளோ அங்கே இருக்கிற வீடுகளில் பத்து வருட விசா பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அவர்களுக்கு நியூயார்க் அல்லது மயாமி வழியாக, டிரினிடாட்டில் இருக்கிற தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின் போவதுதான் சுலபம். அங்கிருந்து டொபேகோவுக்கு விமானத்தில் அரை மணி நேரம்கூட ஆகாது. கப்பலும் இருக்கிறது, விலையும் மலிவு. ஆனால் துறைமுகம் விமான நிலையத்திலிருந்து வெகுதூரம், பயணம் பல மணி நேரம், கடல் கொந்தளித்தால் பிள்ளைகள் வாந்தி எடுத்தே ஓய்ந்துபோவார்கள். முப்பது மணி நேரப் பயணத்துக்குப் பிறகு அது வேண்டாத வேலை.

டிக்கெட்டைத் துண்டு துண்டாகப் போடுவதில் இன்னொரு வலி. மதுரை–சென்னை உள்நாட்டு டிக்கெட்டைத் தனியாக எடுத்தால் பெட்டிக்கு 15 கிலோதான். வெளிநாட்டு டிக்கெட்டில் 23 கிலோ விட்டிருப்பார்கள். ஆளுக்கு எட்டு கிலோ அதிகக் கட்டணத்தை மதுரை கவுன்டரிலேயே கட்ட வேண்டிவரும். ஒரே பி.என்.ஆரில் போடுங்கள், இல்லையென்றால் சென்னைவரை ரயிலில் போங்கள்.

மதுரையில் விற்கிற கரீபியன் பேக்கேஜ்களில் பெரும்பாலும் கப்பல் சுற்றுலாவோ, பார்படோஸ் பெரிய ஹோட்டலோதான் இருக்கும். அமைதி தேடுகிறவருக்கு இரண்டும் உதவாது. குவாதலூப், மார்டினிக் போகலாம், ஷெங்கன் விசா போதும் என்று சொல்கிறவர்களும் உண்டு. போதாது, அந்த பிரெஞ்சுத் தீவுகளுக்கென்று தனியாகக் குறித்த விசா வேண்டும். (புதுச்சேரி, காரைக்கால் வழியாக 1850களிலிருந்து கப்பலேறிய தமிழர்களின் வழிவந்தவர்கள் அங்கே நிறைய. மசாலாப் பொடிக்கு அங்கே 'கொலம்போ' என்று பேர்.) பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். (விற்கும்போதே வசூலிக்கிற வரி) என்று ஒரு தொகை பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

சாப்பாட்டுக்கு நாலு மார்க், சைவர்களுக்கு மூன்று. 1845 மே மாதம் ஃபாடெல் ரஸாக் கப்பலில் தொடங்கிய இந்தியத் தொழிலாளர்களின் வரவால் டிரினிடாட்டில் ரொட்டியும் கடலைக் கறியும் தேசிய உணவு மாதிரி ஆகிவிட்டது. டொபேகோவில் இந்திய வம்சாவளியினர் குறைவு என்றாலும் கடைகளில் கிடைக்கும். பருப்பை அரைத்து உள்ளே வைத்த தால்பூரி, இனிப்பில்லாத போளி போல இருக்கும். பஸ்-அப்-ஷட் என்பது நம் கொத்துப் பரோட்டாவுக்குப் பிய்த்துப்போட்ட பரோட்டா, கொத்துவதற்கு முன்னால். காலையில் டபுள்ஸ் என்று பாரா என்கிற மெத்தென்ற பொரித்த ரொட்டி இரண்டுக்கு நடுவே கொண்டைக்கடலை வைத்துத் தருவார்கள். மிளகாய் எவ்வளவு என்று கேட்டால் "ஸ்லைட்" என்று சொல்லுங்கள். மதுரை நாக்கு என்ற தைரியம் அந்த ஊர் மிளகாயிடம் செல்லாது.

சைவர்கள் ஏமாறுகிற இடம் கலலூ. சேப்பங்கிழங்கு இலை, வெண்டைக்காய், தேங்காய்ப்பால் போட்டுக் கடைந்த பச்சைக் குழம்பு. பார்த்தால் அப்படியே கீரை மசியல். உள்ளே நண்டோ உப்புப் போட்ட பன்றிவாலோ கிடக்கும், பரிமாறுகிறவருக்கு அது இறைச்சிக் கணக்கிலேயே வராது. "இறைச்சி இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்காமல் நண்டு, பன்றிவால் என்று பேர் சொல்லிக் கேளுங்கள். சோற்றோடு வேகவைத்த பயறுக்கும் இதே கேள்வி. கஸ்டாராவில் சமைத்துக்கொள்வதாக இருந்தால், போகிற வழியிலேயே பெரிய கடையில் அரிசி, பருப்பு வாங்கிவிடுங்கள். புழுங்கல் அரிசி தாராளமாகக் கிடைக்கும். பணமும் அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 6.7 உள்ளூர் டாலர். இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் முத்திரை பிரியாத பாக்கெட்டாகப் போகட்டும். பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் சுங்கத்தில் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும்.

மிக்சியை எடுத்துப் போகாதீர்கள். அங்கே மின்சாரம் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பிளக்கை மாட்ட அடாப்டர் வாங்கினாலும் வோல்டேஜ் மாறாது. வோல்டேஜ் பாதியானால் சூடாகிற சாதனத்தின் சக்தி கால்வாசி ஆகிவிடும்: 700 வாட் ரைஸ் குக்கர் 175 வாட்டில் அரிசியை ஊறவைத்துக்கொண்டிருக்கும். போன் சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை.

விளக்குத்தூண் பக்கம் பிள்ளைகளுக்கு வாங்கிய மிலிட்டரி டிசைன் அரைக்கால் சட்டை, தொப்பி, பை எதுவும் பெட்டியில் போகக் கூடாது. அந்த நாட்டில் ராணுவத்தார் தவிர வேறு யாரும், குழந்தைகூட, அதை அணிவது சட்டப்படி குற்றம். கரையில் சின்னப் பச்சை ஆப்பிள் போலக் காய்த்து உதிர்ந்து கிடக்கிற மன்சினீல் பழத்தைப் பிள்ளைகள் எடுத்துக் கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாயும் தொண்டையும் வெந்துபோகும். மழைக்கு அந்த மரத்தடியில் ஒதுங்கினாலே இலையிலிருந்து சொட்டுகிற நீர் பட்டுத் தோல் கொப்புளித்துவிடும். முதல் நாளே தங்குமிடத்துக்காரரிடம் அந்த மரத்தைக் காட்டச் சொல்லிப் பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டுங்கள். டிரினிடாட் அண்ட் டொபேகோவில் 2024 டிசம்பரிலும் 2025 ஜூலையிலும் குற்றங்களைக் காரணம் காட்டி நெருக்கடி நிலை அறிவித்தார்கள். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இரவு தங்காமல் அன்றே டொபேகோ ஏறும்படி விமானம் போடுங்கள்.

கடைசியாக, பெரும்பாலும் யாரும் சொல்லாத ஊசி. இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் டிரினிடாட் இருக்கிறது. அங்கே போய்விட்டுத் தடுப்பூசி அட்டை இல்லாமல் திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். மதுரைக்காரர்கள் சென்னை கிண்டிவரை போக வேண்டியதில்லை, தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகத்திலேயே போடுகிறார்கள். நாளும் நேரமும் முன்கூட்டியே கேட்டுப் பதிந்துகொண்டு, பாஸ்போர்ட்டோடு போங்கள். ஒன்பது மாதத்துக்குக் கீழான குழந்தை, முட்டை ஒவ்வாமை உள்ளவர், அறுபது தாண்டியவர் என்றால் முதலில் டாக்டரிடம் கேட்டாக வேண்டும். அந்த மஞ்சள் அட்டை கைப்பையில் இருக்கட்டும். பெட்டிக்குள் வைத்தால், பெட்டி பெல்ட்டில் வருவதற்கு முன்னாலேயே சுகாதார கவுன்டரில் அதைக் கேட்டுவிடுவார்கள்.