தரையிறங்க மட்டும் ஓர் அரைநாள் வகுப்பு

மே மாதம் வருவதற்கு டிக்கெட் போட்ட அன்றே காரைக்குடியிலிருந்து அப்பா கேட்டுவிட்டார்: "ஏம்மா, உன் பிளேன்ல என்னைக் கூட்டிட்டுப் போவியா?" லைசென்ஸ் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. ஆனால் இந்தக் குளிர்காலம் முழுக்க வேலை, மழை என்று நான் விமானத்தின் பக்கமே போகவில்லை. இங்கே அமெரிக்காவில், பயணியை ஏற்ற வேண்டுமானால் கடந்த 90 நாளில் மூன்று முறையாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் அதை முடித்துவிடலாம். அப்பாவைப் பக்கத்து சீட்டில் உட்கார வைக்க அது போதாது என்று தோன்றியது. அதனால்தான் பாலோ ஆல்டோவில் ஒரு கிளப் நடத்தும் இந்த வகுப்புக்குப் போனேன்.

முதலில் செலவு. செஸ்னா 172எஸ் என்ற சின்ன விமானத்தின் வாடகை 2.6 மணி நேரத்துக்கு, இன்ஸ்ட்ரக்டருக்கு 4 மணி நேரம், எல்லாம் சேர்த்து 874 டாலர். பெட்ரோல் வாடகையிலேயே அடக்கம். எனக்கு இது பெரிய தொகைதான். இருந்தாலும் இந்த வருடம் பறப்பதற்குச் செலவழித்ததில் இதற்குக் கொடுத்ததைத்தான் நல்ல செலவு என்பேன்.

பாலோ ஆல்டோ ஓடுபாதை 2,443 அடி நீளம், 70 அடி அகலம். பழகாதவர்களுக்கு முதல் பார்வையில் வயிற்றைக் கலக்கும். இன்ஸ்ட்ரக்டர் வெள்ளைப் பலகையில் எழுதிய முதல் கணக்கே அதைப் பற்றித்தான். 65 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) வேகத்தில் வர வேண்டிய இடத்தில் 75-ல் வந்தால் ஆற்றல் அதே அளவில் கூடுவதில்லை, மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, ஏனென்றால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்தக் கூடுதலை எங்கேயாவது செலவழித்தாக வேண்டும். விமானம் தரைக்கு மேலே மிதந்துகொண்டே போகும், ஓடுபாதை கீழே கரைந்துகொண்டே போகும். "பயத்துக்காக வேகத்தைக் கூட்டாதே" என்று அவர் சொன்னது எனக்கென்றே சொன்னது போலிருந்தது. நான் அதைத்தான் நான்கு வருடமாகச் செய்துகொண்டிருந்தேன். காற்று விட்டுவிட்டு வீசினால் மட்டும் கணக்கோடு கூட்டலாம்: 15 நாட் காற்று இடையிடையே 25 ஆகிறதென்றால் வித்தியாசத்தில் பாதி, 5 நாட்.

மலையைத் தாண்டி கடற்கரைக்குப் போய், 3,500 அடி உயரத்தில் ஒரு பாடம். ஓடுபாதை நேர்கோட்டுக்குத் திரும்பும் கடைசி வளைவில்தான் சின்ன விமானங்கள் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்து, சுழன்று விழுவது நடக்கிறது. கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று தெரிந்ததும், தரை பக்கத்தில் இருப்பதால் இன்னும் சாய்க்கப் பயந்து, கால் தானாக வளைவின் உள்பக்க ரட்டரை (வாலில் உள்ள சுக்கானின் பெடலை) மிதிக்கும். மூக்கு திரும்பும், சாய்வு கூடும், அதைத் தடுக்கக் கை எதிர்ப்பக்கம் திருப்பும், மூக்கு தாழ்வது போலிருப்பதால் கையை இன்னும் பின்னால் இழுப்போம். உள்பக்க இறக்கை முதலில் கைவிடும். அங்கே உயரத்தில் அதை அவர் செய்து காட்டினார். ஸ்டால் ஹாரன் அலறிய கணத்திலேயே விடுவித்துவிட்டார். என் கால் ரட்டரில்தான் இருந்தது. அவர் மிதித்தபோது பெடல் என் பாதத்துக்கடியில் நகர்ந்ததை இப்போதும் உணர முடிகிறது. 45 டிகிரி சாய்வில் உயரத்தை இழக்காமல் திரும்பினால் 48 நாட்டில் வரவேண்டிய ஸ்டால் 57-லேயே வந்துவிடும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். கால் வழியாகத் தெரிந்துகொண்டது அன்றுதான். அவர் வைத்த விதி எளிமையானது: சாய்வு 30 டிகிரிக்கு மேல் வேண்டாம், கோட்டைத் தாண்டிவிட்டால் மேலே போய்விடு, திரும்ப வா.

பிறகு ஹாஃப் மூன் பே. கடல் மேகம் விலகப் பத்தரை ஆகிவிட்டது. 5,000 அடி ஓடுபாதை, கன்ட்ரோல் டவர் கிடையாது, ரேடியோவில் நாமே இருப்பைச் சொல்லிக்கொள்ள வேண்டும். இங்கேதான் வகுப்பின் உயிர். ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போகும் டவுன்விண்டில் ஃபிளாப் (இறக்கையின் பின்பக்கம் கீழே இறக்கும் மடல்) 10 டிகிரி, குறுக்கே திரும்பும் பேஸில் 20, ஓடுபாதைக்கு நேராக வரும் ஃபைனலில் 30, வேகம் படிப்படியாக 85, 75, 65. ஒவ்வொரு படியிலும் ட்ரிம் சக்கரத்தைத் திருப்பி, கையை எடுத்தாலும் விமானம் அதே வேகத்தில் நிற்கும்படி செய்ய வேண்டும். பிறகு கண்ணாடியில் ஓர் இடம். ஓடுபாதையில் குறிவைத்த அந்த இடம் கண்ணாடியில் மேலே ஏறினால் நாம் முன்னாலேயே இறங்கப்போகிறோம், கீழே நழுவினால் தாண்டப்போகிறோம், அசையாமல் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால் அங்கேதான் போகிறோம். இறங்கும் வேகத்துக்கும் ஒரு மனக்கணக்கு சொன்னார்: தரை வேகத்தை ஐந்தால் பெருக்கு. எதிர்க்காற்றில் 60 நாட் என்றால் நிமிடத்துக்கு 300 அடி. மூன்று டிகிரி சரிவுக்கு அது சரியாக வரும்.

500 அடியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: வேகம், கோடு, சரிவு, ஃபிளாப். நான்கில் ஒன்று சரியில்லை என்றாலும் திருத்திப் பார்க்கக் கூடாது, கோ-அரவுண்ட்: இறங்காமல் மேலே ஏறி மறுபடி சுற்றி வர வேண்டும். இறங்க வந்த ஒன்பது அப்ரோச்சில் ஐந்துதான் இறங்கினோம். ஒரு முறை, தரைக்கு இருபது அடி இருக்கும்போது, எல்லாம் அழகாக அமைந்திருந்தபோதே "மேலே போ" என்றார். எஞ்சின் விசையைக் கூட்டும் த்ராட்டில் முழுக்க, ஃபிளாப் உடனே 20-க்கு, 60 நாட். இறங்குவதற்காக ட்ரிம் செய்த விமானம் மூக்கை எப்படித் தூக்குகிறது என்பதை அப்போதுதான் அனுபவித்தேன். இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது, கூடவே வலது ரட்டர். லைசென்ஸ் தேர்வுக்குப் பிறகு ஒரு முறைகூட நான் இதைப் பழகவில்லை என்பதை நினைத்து நிஜமாகவே வருத்தப்பட்டேன்.

திரும்பும் வழியில் வடக்கே சான்ஃபிரான்சிஸ்கோ ஓடுபாதைகள் தெரிந்தன. 2013 ஜூலை 6-ல் அங்கே ஏசியானா 214 கடல் சுவரில் மோதியது. 137 நாட் இருக்க வேண்டிய வேகம் 103 வரை சரிந்திருந்தது. மூன்று பேர் இறந்தார்கள். பெரிய விமானம், நிறைய அனுபவம் உள்ள விமானிகள். 500 அடியில் சொல்லும் அந்த நான்கு சொற்கள் எனக்கு மட்டுமானவை அல்ல என்று புரிந்தது.

குறைகளும் உண்டு. வகுப்புக்குப் பிந்தைய அலசல் பத்தே நிமிடத்தில் முடிந்தது. அடுத்த மாணவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒன்பது அப்ரோச்சின் தடமும் டேப்லெட்டில் இருந்தது, இரண்டைத்தான் பார்த்தோம். நான்கு மணி நேரத்துக்குப் பணம் வாங்கும்போது இதற்கு அரை மணி ஒதுக்கியே ஆக வேண்டும். பலகையில் எழுதியதைத் தாளாகவும் தரலாம், நான் போனில் படம் பிடித்துக்கொண்டேன். பக்கக் காற்றில் இறங்குவது இதில் வராது, அதற்குத் தனி வகுப்பு. பதிவு செய்யும்போதே அதைச் சொல்லியிருக்க வேண்டும். போகிறவர்கள் கடைசி நேரத்தை எடுங்கள், பின்னால் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

மே கடைசியில் அப்பாவை அதே ஹாஃப் மூன் பேக்கு அழைத்துப் போனேன். முதல் அப்ரோச்சில் 500 அடியில் 76 நாட். த்ராட்டிலை முழுக்கத் தள்ளினேன். கீழே ஓடுபாதை முழுசாகக் கடந்து போவதை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா, இறங்கலையா?"

"வேகம் ஜாஸ்திப்பா. இன்னொரு சுத்து வர்றேன்."

"சரி, வா. எனக்கென்ன அவசரம்?" என்று மறுபடி கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.