முதுகெலும்பு சேதமா என்று கேட்கிற ஆப்

நான் மருந்து மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவள். அதனால் இதில் காசு விவரம் கொஞ்சம் அதிகமாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகங்களை வீட்டில் இருந்தபடியே விற்கலாம் என்று சொல்கிற ஓர் ஆப்பில் ஆறு மாதமாக விற்றுக்கொண்டிருக்கிறேன். பெயரை எழுதப் போவதில்லை. திட்டுவதற்குச் சில விஷயங்கள் இருக்கின்றன, என்னுடைய 412 ரூபாய் இன்னும் அவர்களிடம் நிற்கிறது.

புத்தகங்கள் அப்பாவுடையவை. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் குமாஸ்தாவாக இருந்து, ஓய்வு பெற்ற பிறகு கடலூர் திருப்பாப்புலியூரில் எங்களோடு வந்து இருந்தார். அவர் போன பிறகு உட்கார்ந்து எண்ணினேன்: 643. கீழ்த்தட்டில் இருந்த நாற்பது சொச்சம் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் நனைந்து, காய்ந்து, பொரித்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டவை. அவற்றையும் அவர் தூக்கிப் போடவில்லை. தம்பி சென்னையிலிருந்து போனில், "அக்கா, பேசாம பேப்பர் கடையில போட்டுடு" என்றான். லாரன்ஸ் ரோடு பக்கம் ஒரு கடையில் கேட்டேன். கிலோ 13 ரூபாய், அதுவும் கெட்டி அட்டையைக் கிழித்துவிட்டுக் கொடுத்தால். அந்த அட்டை விஷயத்தில்தான் எனக்கு ரோஷம் வந்தது. அன்று ராத்திரியே மகன் ஆப்பை இறக்கிக் கொடுத்தான்.

தொடங்குவது சுலபம். பான் எண், வங்கிக் கணக்கு, செல் நம்பர், அவ்வளவுதான். அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால் புத்தகம் மட்டும் விற்கிறவர்களிடம் ஜி.எஸ்.டி. எண் கேட்பதில்லை. முதலில் மகனுடைய நீட் கைடுகளையும் நாத்தனார் மகளின் டி.என்.பி.எஸ்.சி. கைடுகளையும் ஏற்றினோம். பின்னட்டையில் இருக்கும் பார்கோடைக் காட்டினால் போதும், பெயர், அட்டைப் படம், விலை எல்லாம் தானே வந்து உட்காருகிறது. 14 புத்தகத்துக்கு இருபது நிமிஷம். முதல் கைடு மூன்றாம் நாள் விற்றது. பள்ளிக்கூட கைடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: பிளஸ் ஒன் பாடத்திட்டம் 2018-19லும் பிளஸ் டூ அடுத்த வருஷமும் மாறிவிட்டன. அதற்கு முந்தையதை ஏற்றி நேரத்தை வீணாக்காதீர்கள், அது நேராகப் பேப்பர் கடைக்குத்தான்.

அப்புறம் அப்பாவின் அலமாரிக்கு வந்தேன். ஆப் அங்கேயே படுத்துவிட்டது.

அந்த பார்கோடில் இருப்பது ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண். பதிமூன்று இலக்கத்தில் அது வந்ததே 2007-ல். அதற்கு முன்னால் பத்து இலக்கம். அப்பா வாங்கியதில் முக்கால்வாசிக்கு எந்த எண்ணும் கிடையாது. எண் இல்லையென்றால் ஒரு நீளமான படிவத்தை நாமே நிரப்ப வேண்டும். தமிழ்ப் புத்தகத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் அடிக்கச் சொல்கிறது. ழகரத்துக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். ஒரே எழுத்தாளர் அந்த ஆப்பில் நாலு விதமான ஸ்பெல்லிங்கில் நாலு ஆளாக இருக்கிறார். வாங்க வருகிறவர் ஒரு ஆளைத்தான் தேடுவார், மற்ற மூன்று பேரின் புத்தகமும் அவர் கண்ணில் படாது. நான் ஒவ்வொரு புத்தகத்துக்கும் விவரப் பகுதியில் எல்லா ஸ்பெல்லிங்கையும் போட்டு, தமிழிலும் அடித்து வைத்தேன். அதற்குப் பிறகுதான் நாவல்கள் நகர ஆரம்பித்தன.

மொழியைத் தமிழுக்கு மாற்றினால் இன்னும் வேடிக்கை. "முதுகெலும்பு சேதமடைந்துள்ளதா?" என்று கேட்டது. எனக்கு இடுப்பு வலி உண்டு, அது இதற்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு நொடி யோசித்தேன். புத்தகத்தின் முதுகைக் கேட்கிறதாம். பைண்டிங் விட்டிருக்கிறதா என்று கேட்டால் கடலூரில் யாருக்கும் புரியும்.

புத்தகத்தின் நிலைமையைச் சொல்ல நாலு படி வைத்திருக்கிறார்கள். புதிது போன்றது, மிக நன்று, நன்று, கடைசியாக "ஏற்றுக்கொள்ளத்தக்கது". இங்கே கடல் காற்று. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் இரண்டு பழுப்புப் புள்ளி விழாத மெல்லிய புத்தகம் எங்கள் வீட்டில் கிடையாது. ராமபாணப் பூச்சி அரித்த ஓரம், வசம்பு வாசனை, இதற்கெல்லாம் எந்தப் படி? இன்னொன்று, அப்பா ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் கையெழுத்து, தேதி, வாங்கிய இடம், கொடுத்த காசு நாலையும் எழுதிவைப்பார். "நெய்வேலி புத்தகக் கண்காட்சி, ரூ. 40, பஸ் ரூ. 9" என்றுகூட ஒன்றில் இருக்கிறது. ஆப்பின் சட்டப்படி இது "எழுத்துக் கறை", ஒரு படி இறக்கம். நான் இறக்கித்தான் போட்டேன். ஆனால் அந்தப் பக்கத்தையும் போட்டோ எடுத்துப் போட்டேன். போட்டோவுக்கு வெள்ளைப் பின்னணி வேண்டும் என்றார்கள். அப்பாவின் வேட்டியைத்தான் மேஜையில் விரித்தேன்.

இனி காசு. ஒரே ஒரு விற்பனையை முழுதாகச் சொல்கிறேன். மாஸ்கோ ராதுகா பதிப்பகம் தமிழில் போட்ட சிறுவர் கதைப் புத்தகம் ஒன்று, கெட்டி அட்டை, கலர்ப் படம். சோவியத் இருந்தவரை இப்படிப்பட்ட புத்தகங்கள் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக மலிவு விலைக்குக் கிடைத்தன. நாங்கள் அதைப் படித்துத்தான் பனி என்றால் என்ன என்று தெரிந்துகொண்டோம். அதற்கு 300 ரூபாய் போட்டேன், பத்து நாளில் விற்றது. கமிஷன் 36. "நிலையான கட்டணம்" என்று 25. கூரியர் 62. ஆக 123. அந்த 123-க்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 22 ரூபாய் 14 காசு. புத்தகத்துக்கு வரி இல்லை, அதை விற்றுக்கொடுக்கிற வேலைக்கு உண்டு. என் கணக்கில் வந்தது 154 ரூபாய் 86 காசு. பேக்கிங் செலவு 11 ரூபாய் கழித்தால் 143.86. அதாவது பாதிக்குக் கீழே. இதே ஆப்பில் 100 ரூபாய்க்கு ஒரு புத்தகத்தை விற்றால் டீக்காசு கூட நிற்காது, நம் கைக்காசுதான் போகும். நிலையான கட்டணமும் கூரியரும் விலை குறைந்தாலும் குறைவதில்லை. ஆகவே 150 ரூபாய்க்குக் கீழே போகிற புத்தகங்களைத் தனியாக ஏற்றாதீர்கள். ஐந்து ஆறாகக் கட்டி, ஒரே பொருளாகப் போடுங்கள்.

பேக்கிங் அந்த 11 ரூபாயில் முடிந்ததற்குக் காரணம் மளிகைக்கடை அண்ணாச்சி. பிஸ்கட் அட்டைப்பெட்டிகளைச் சும்மா கொடுக்கிறார். புத்தகத்தை முதலில் பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயை ஒட்ட வேண்டும், மழைக்காலத்தில் இது முக்கியம். அப்புறம் அட்டையை நாலு பக்கமும் புத்தகத்தைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக வெட்டி, மேலும் கீழும் வைத்து டேப் சுற்ற வேண்டும். அந்த ஒரு விரல் இடைவெளிதான் மூலை மடங்காமல் காப்பாற்றுகிறது. முதல் பார்சலில் இதைச் செய்யாமல் விட்டு, மூலை நசுங்கி, ஒரு நட்சத்திரம் வாங்கினேன்.

அந்த 412-க்கு வருகிறேன். மகனுடைய நீட் கைடு செட், மூன்று புத்தகம், 620 ரூபாய்க்குப் போனது. பத்தாம் நாள் "விவரித்தபடி இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெட்டியைப் பிரித்தால் உள்ளே மூன்று கைடு இருந்தது, நான் அனுப்பியவை அல்ல. அதே பெயர், இரண்டு பதிப்பு முந்தையவை, உள்ளே பக்கத்துக்குப் பக்கம் பச்சை மார்க்கர். என் மகன் பச்சை மார்க்கர் தொடவே மாட்டான். அனுப்புவதற்கு முன் எடுத்த போட்டோக்களோடு புகார் கொடுத்தேன். "தங்கள் அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்று உடனே பதில் வந்தது. நாலு தடவை எழுதினேன், நாலு தடவையும் அதே வருத்தம், கமா கூட மாறவில்லை. மனிதர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டதற்கும் அசௌகரியத்துக்கு வருந்தினார்கள். அதிலிருந்து பேக்கிங் செய்வதை முழுதாக வீடியோ எடுக்கிறேன். ஒவ்வொரு புத்தகத்திலும் 27-ஆம் பக்க ஓரத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி வைக்கிறேன். மறுபடி திரும்பி வந்தால் என் புத்தகமா என்று எனக்காவது தெரியும்.

பக்கத்து ஊர்க்காரர்கள் நேரில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வசதியும் இருக்கிறது, கமிஷன் கிடையாது. அதை ஆன் செய்த ஒரு மணி நேரத்தில் "ராணுவத்தில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்று ஒருவர் வந்தார். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் எதற்கு? பிளாக் செய்துவிட்டேன்.

ஆனால் எனக்கு உருப்படியாக வந்த காசு அந்த வசதியால்தான். ஒரு தடவை வாங்கியவர்கள் அடுத்த தடவை நேரடியாகவே கேட்கிறார்கள். வெளியூர் என்றால் மஞ்சக்குப்பம் தலைமைத் தபால் நிலையத்தில் ஞான் போஸ்டில் போட்டுவிடுகிறேன். 2024 டிசம்பரில் பழைய பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்திவிட்டு, 2025 மே மாதம் இதைக் கொண்டுவந்தார்கள். 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை போனாலும் 100 ரூபாய், வரி தனி. மெதுவாகத்தான் போகும், ஆனால் எங்கே போகிறது என்று பார்க்கலாம். ஒரு நிபந்தனை, விளம்பரம் அச்சடித்த சரக்கு அதில் போகாது.

அதை ஏன் சொல்கிறேன் என்றால், அப்பாவிடம் ஏழு பைண்டு இருந்தன. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளை வாரா வாரம் பிளேடால் அறுத்துச் சேர்த்து, முடிந்ததும் நெல்லிக்குப்பத்தில் காலிகோ பைண்டு போட்டவை. வினு, லதா, கோபுலு, மாருதி படங்களோடு. இதை ஆப்பில் ஏற்றவே முடியவில்லை. பதிப்பகம் எது, எந்த வருஷம், எத்தனையாம் பதிப்பு என்று கேட்டுக் கேட்டுத் திருப்பி அனுப்பியது. கடைசியில் வேறொரு புத்தகத்தின் போட்டோவில், பின்னால் தெரிகிற மாதிரி ஓரமாக அடுக்கி வைத்தேன். குறுக்கு வழிதான்.

மூன்று வாரம் கழித்து லாஸ்பேட்டையிலிருந்து ஒரு பையன் அழைத்தான். "மேடம், அந்தப் போட்டோல பின்னாடி இருக்கிறது விற்பனைக்கா?" அந்த ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குக் கூடப் போகாமல் காலை பஸ்ஸில் வந்துவிட்டான். காபி கொடுத்தேன். குடிக்காமல் பைண்டைப் பிரித்தான், கதையைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பித் திருப்பி, பின்பக்கத்தில் மாட்டிக்கொண்ட பல்பொடி விளம்பரம், தையல் மெஷின் விளம்பரம், பாதியில் அறுபட்ட ஜோக் இதையெல்லாம் பார்த்தான். லெட்டரிங் வேலை செய்கிறானாம், அந்தக் காலத்தில் கையால் எழுதிய தமிழ் எழுத்துகளுக்காகத்தான் அலைகிறானாம். "அக்கா, கதை புக்காவே கடையில கிடைக்கும். இது எங்க கிடைக்கும்?" காபி ஆறியதும் மேடம் அக்காவாகிவிட்டது. ஒரு பைண்டு 500 சொன்னேன். பேரம் பேசவில்லை. ஆறு எடுத்துக்கொண்டான், 3,000 ரூபாய். அரிசிப் பையில் போட்டு, என் ஸ்கூட்டியில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்.

ஆப்பில் இதுவரை விற்றது 58 புத்தகம், கைக்கு வந்தது 7,940 ரூபாய். பேப்பர் கடையில் போட்டிருந்தால் இருபது கிலோ தேறியிருக்கும், 260 ரூபாய். ஆகவே ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். கைடு மட்டும் விற்கிறவர்களுக்கு நாலு. 412 வந்தால் அரை கூட்டிக்கொள்கிறேன்.

ஏழாவது பைண்டை அந்தப் பையனும் கேட்டான், கொடுக்கவில்லை. அதன் கடைசி வெள்ளைத் தாளில் அப்பா ஒரு மாதப் பால் கணக்கு எழுதியிருக்கிறார். கூட்டிப் பார்த்தேன், ஐம்பது காசு இடிக்கிறது.