கம்ப்ரஷன் கேஜா, காற்றழுத்தச் சோதனையா? வீட்டில் கட்டிய ஆர்எக்ஸ் 100 இன்ஜினுக்கு எது?

ஆர்எக்ஸ் 100 இன்ஜினை வீட்டிலேயே பிரித்துக் கட்டியவர்கள் முதலில் தேடுவது, பிளக் துளையில் மாட்டி பிஸ்டன் நெருக்கும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜைத்தான். நானும் அப்படித்தான். புது போர் (சிலிண்டரின் உள்சுவர்), புது பிஸ்டன், புது ரிங். முள் 120 பிஎஸ்ஐ காட்டியது, இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது. ஆனால் சூடேறியதும் ஆக்சிலேட்டரை விட்டாலும் இரைச்சல் இறங்கவில்லை. கார்புரேட்டரை நான்கு முறை கழற்றி மாட்டினேன். ஐந்தாம் நாள் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. கிராங்க் தண்டின் இரு பக்கமும் காற்றும் ஆயிலும் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல்; காசு மிச்சம் என்று பழையதையே போட்டிருந்தேன். மேக்னெட் பக்கத்துச் சீல்தான் காற்று இழுத்திருக்கிறது.

கேஜுக்கு அது தெரியாது. அது பார்ப்பது பிஸ்டனுக்கு மேலே மட்டும். ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, முள் மேற்கொண்டு ஏறாமல் நிற்கும் வரை உதைக்க வேண்டும். அளவு குறைவா? பிளக் துளையில் சில சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி உதையுங்கள். முள் ஏறினால் ரிங் அல்லது போர், ஏறாவிட்டால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். ஐந்து நிமிட வேலை.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை, பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸ் வழியாகத்தான் மேலே ஏறுகிறது. அதனால் கீழேயும் காற்றுப் புகக்கூடாது. இடப்பக்க மேக்னெட் சீல் ஒழுகினால் கலவையில் காற்று கூடி இன்ஜின் கொதிக்கும். வலப்பக்க கிளட்ச் சீல் ஒழுகினால் கியர் ஆயில் உள்ளே போய் வெள்ளைப் புகை வரும்.

இதைப் பிடிக்கக் காற்றழுத்தச் சோதனைதான் வழி. பெரிய சாமான் எதுவும் வேண்டாம். டாக்டர் கையில் கட்டும் பிரஷர் கருவியின் பந்தும் முள்ளும் போதும். அதன் 300 (மில்லிமீட்டர் பாதரசம்) என்பது கிட்டத்தட்ட 5.8 பிஎஸ்ஐ. பிளக்கை மாட்டி, பிஸ்டனை அடியில் நிறுத்தி, இன்ஜினில் சைலன்சர் மாட்டும் வாயை சைக்கிள் ட்யூப் ரப்பரால் அடையுங்கள். ஆயில் பம்ப் குழாய் இருந்தால் அதையும். அப்புறம் கார்புரேட்டர் ரப்பர் வழியாக 300 வரை ஏற்றுங்கள். நிமிடத்துக்கு 50க்கு மேல் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவித் தேட வேண்டியதுதான். கிளட்ச் சீல் மூடிக்குள் இருப்பதால் கண்ணில் படாது. கியர் ஆயில் ஊற்றும் துளையில் சோப்புப் படலம் போட்டு, மூச்சுத் துளையை அடைத்தால், ஒழுக்கு இருக்கும்போது படலம் உப்பும்.

ஒன்றுதான் செய்ய நேரம் என்றால் நான் காற்றழுத்தத்தையே எடுப்பேன், அதுவும் இன்ஜினை பிரேமில் ஏற்றுவதற்கு முன், மேஜை மேலேயே. கேஜை ரிங் பழகிய பிறகு மாட்டலாம்; புது போரில் முதல் நாள் அளவு எப்படியும் சற்றுக் குறைவாகவே வரும்.

சில சீல்கள் அழுத்தத்துக்கு நின்று, உறிஞ்சலுக்கு ஒழுகும். அந்தச் சந்தேகம் வந்தால் காற்றை இழுத்தும் பாருங்கள், ஆனால் கார்புரேட்டர் பக்கமிருந்து இழுக்காதீர்கள். கலவையை உள்ளே மட்டும் விடும் ஒருவழித் தகடான ரீட் வால்வு மூடிக்கொண்டு முள் அப்படியே நிற்கும், சீல் நன்றாக இருப்பதாக ஏமாந்துபோவீர்கள். கார்புரேட்டர் ரப்பரையும் அடைத்துவிட்டு, பிளக் துளையிலிருந்து இழுங்கள்.